ஜி.ஐ. ஜோ காமிக்ஸின் புதிய இதழ்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோவின் ஜி.ஐ. ஜோ ராணுவ வீரர் பொம்மைகளை வைத்து 1982 முதல் காமிக்ஸ் வந்துகொண்டிருக்கிறது. இடையில் சில ஆண்டுகள் நின்றது, பதிப்பாளர்கள் மாறினார்கள், கதை பல கிளைகளாகப் பிரிந்தது. அதனால் புதிய இதழ் ஒன்றை அறிவித்ததும், "இது எந்தக் கதையின் தொடர்ச்சி, எங்கே தொடங்குவது, எப்போது வாங்குவது?" என்ற கேள்விகள் வரிசையாக வந்துவிடும். அவற்றுக்கான பதில்கள் இங்கே. கதையின் ரகசியத்தை உடைக்கும் இடத்தில் முன்கூட்டியே சொல்லியிருக்கிறேன்.

ஒரே பெயரில் இரண்டு மூன்று இதழ்களுக்கு அறிவிப்பு வருகிறதே, எல்லாம் ஒரே கதையா?

இல்லை. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இமேஜ் காமிக்ஸின் ஒரு பிரிவான ஸ்கைபவுண்ட், ஜி.ஐ. ஜோ உரிமையை எடுத்த பிறகு 2023இன் இறுதியில் இரண்டு தனித்தனிக் கதைகளைத் தொடங்கியது. முதலாவது, 1982இல் மார்வெலில் ஆரம்பித்த பழைய கதையின் நேரடித் தொடர்ச்சி. 'ஜி.ஐ. ஜோ: எ ரியல் அமெரிக்கன் ஹீரோ' என்ற முழுப் பெயரோடு, 2023 நவம்பரில் 301ஆவது இதழாக வந்தது. லாரி ஹாமா எழுத, கிறிஸ் மூனிஹாம் வரைந்தார்.

இரண்டாவது, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கும் புதிய கதை. 'எனர்கான் யுனிவர்ஸ்' என்ற பொதுக் குடையின் கீழ் வருவது. இதில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற உருமாறும் ரோபோக்களும் ஜி.ஐ. ஜோவும் ஒரே உலகில் இருக்கிறார்கள். இதன் முதன்மைக் கதாசிரியர் ஜோஷுவா வில்லியம்சன்.

இரண்டிலும் ஜோ படையின் டியூக் உண்டு, ஸ்கார்லெட் உண்டு, எதிரிப் படையான கோப்ராவின் தலைவன் கோப்ரா கமாண்டர் உண்டு. ஆனால் ஒன்றில் நடப்பது மற்றதைத் தொடாது. எந்த அறிவிப்பைப் பார்த்தாலும் அட்டையில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பதற்கு முன், எழுதுபவர் யார் என்று பாருங்கள். ஹாமா என்றால் பழைய கதை, வில்லியம்சன் என்றால் புதியது. அட்டையில் கறுப்பு உடை வீரன் ஸ்னேக் ஐஸ் கத்தியோடு நிற்கும் படம் இரண்டு வரிசைக்கும் பொருந்தும் என்பதால், அதை மட்டும் நம்பி வாங்கினால் கதை பிடிபடாது.

301 என்ற எண் எப்படி வந்தது? 1982இலிருந்து இடைவிடாமல் வருகிறதா?

இடைவிடாமல் இல்லை. மார்வெல் 1982 முதல் 1994 டிசம்பர் வரை 155 இதழ்களை வெளியிட்டு நிறுத்தியது. 2001இல் டெவில்ஸ் ட்யூ என்ற நிறுவனம் உரிமையை வாங்கி, மார்வெல் விட்ட இடத்திலிருந்து தன் போக்கில் ஒரு கதையை 2008 வரை நடத்தியது. பிறகு ஐடிடபிள்யூ என்ற பதிப்பகம் வந்தது. அவர்கள் முதலில் தங்களுக்கென்று முற்றிலும் புதிய கதை ஒன்றைத் தொடங்கினார்கள்.

அப்புறம் 2010இல்தான் ரசிகர்கள் எதிர்பாராத ஒன்று நடந்தது. இலவசக் காமிக்ஸ் தினத்துக்கு 155½ என்ற எண்ணிட்ட இதழை ஹாமா எழுதினார். தொடர்ந்து 156 வந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் நின்றிருந்த கதையை, அதே கதாசிரியர், அடுத்த எண்ணிலிருந்து எழுதினார். டெவில்ஸ் ட்யூ காலத்தில் நடந்த எதையும் அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஐடிடபிள்யூ 2022இன் இறுதியில் 300ஆவது இதழோடு முடித்துக்கொள்ள, ஓராண்டு இடைவெளிக்குப் பின் ஸ்கைபவுண்ட் 301ஐக் கொண்டுவந்தது.

பதிப்பாளர் மாறும்போது எண்ணை ஒன்றிலிருந்து தொடங்குவதுதான் அமெரிக்கக் காமிக்ஸ் வியாபாரத்தின் வழக்கம். முதல் இதழ் என்றால் விற்பனை கூடும். 301 என்று போடுவது வியாபாரத்துக்கு இடைஞ்சல். தெரிந்தும் அப்படிப் போட்டார்கள் என்பதை இந்தக் கதைக்குக் கிடைத்த மரியாதையாகவே நான் பார்க்கிறேன்.

யார் இந்த லாரி ஹாமா? எல்லோரும் அவரைப் பற்றியே பேசுகிறார்களே?

பேச வேண்டிய ஆள்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1964இல் ஹாஸ்ப்ரோ அறிமுகப்படுத்திய ஜி.ஐ. ஜோ, ஏறக்குறைய ஒரு அடி உயரமுள்ள பொம்மை. பையன்கள் 'டால்' வாங்க மாட்டார்கள் என்று நினைத்து 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்ற புதுப் பெயரை உண்டாக்கியதும் அந்தப் பொம்மைக்காகத்தான். எழுபதுகளின் பிற்பகுதியில் அது கடைகளிலிருந்து மறைந்தது. 1982இல் 3¾ அங்குல அளவில், பல பேர் கொண்ட ஒரு படையாக மறுபடி கொண்டுவந்தபோது, அவர்களுக்கெல்லாம் ஒரு கதை தேவைப்பட்டது. அதற்காக ஹாஸ்ப்ரோ மார்வெலை அணுகியது.

மார்வெலில் அப்போது எடிட்டராக இருந்த ஹாமாவிடம் ஏற்கெனவே மார்வெலின் உளவாளி நிக் ஃப்யூரி பாத்திரத்தை ஒட்டி ஒரு சிறப்புப் படைக் கதைக்கான திட்டம் இருந்தது. அது அச்சேறவில்லை. அந்த யோசனைகளை இங்கே பயன்படுத்திக்கொண்டார். ஹாஸ்ப்ரோவிடம் வீரர்கள் இருந்தார்கள், அவர்கள் யாரோடு சண்டை போடுவார்கள் என்பதற்கு விடை இல்லை. கோப்ரா என்ற எதிரிப் படையை முன்மொழிந்தவர் மார்வெலின் ஆர்ச்சி குட்வின். முதல் இதழை ஹெர்ப் டிரிம்ப் வரைந்தார்.

ஹாமா அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் பிரிவில், வியட்நாம் போர்க் காலத்தில் பணியாற்றியவர். அந்த அனுபவம் வசனத்தில் தெரியும். வீரர்கள் வீரவசனம் பேசுவதைவிடச் சாப்பாட்டைப் பற்றியும் மேலதிகாரியின் முட்டாள்தனமான உத்தரவைப் பற்றியும் பேசுவதுதான் அதிகம். பொம்மை அட்டையின் பின்புறம் வெட்டி வைத்துக்கொள்ளும்படி அச்சாகியிருந்த 'ஃபைல் கார்டு' எனப்படும் வாழ்க்கைக் குறிப்புகளில் பெரும்பாலானவற்றையும் அவர்தான் எழுதினார். பெயர், பிறந்த ஊர், பயிற்சி பெற்ற துறை, குணம் என்று சில வரிகளில் ஒரு மனிதர் எழுந்து நிற்பார். பொம்மை வாங்கிய சிறுவர்கள் அந்தக் குறிப்பை மனப்பாடம் செய்தார்கள்.

மார்வெல் காலத்தில் ஒருசில இதழ்கள் தவிர எல்லாவற்றையும் எழுதியவர் அவர். ஐடிடபிள்யூவிலும், ஸ்கைபவுண்டிலும் அதே கதையைத் தொடர்ந்தார். ஒரு பொம்மை விளம்பரமாகத் தொடங்கிய கதையை ஒரே மனிதர் நாற்பது ஆண்டுகளைத் தாண்டிச் சுமந்திருக்கிறார். அமெரிக்க மாத இதழ்களில் இதற்கு இணை சொல்வது கடினம்.

புதிதாகப் படிக்க நினைக்கிறேன். எதில் தொடங்கலாம்?

முந்தைய எதையும் படித்ததில்லை என்றால் எனர்கான் யுனிவர்ஸில் தொடங்குங்கள். 2023 டிசம்பரில் வந்த 'டியூக்' முதல் இதழ்தான் சரியான வாசல். டியூக் என்ற ராணுவ அதிகாரி, ஒரு போர் விமானம் ராட்சத ரோபோவாக மாறி உயிர்ப்பலி வாங்குவதைக் கண்ணால் பார்க்கிறார். சொன்னால் யாரும் நம்பவில்லை. அவரே உண்மையைத் தேடிக் கிளம்புகிறார். இந்தக் கதைக்கு முன்னறிவு எதுவும் வேண்டாம். டாம் ரெய்லியின் ஓவியம் சுத்தமான கோடுகளில், சண்டைக் காட்சி எங்கே நடக்கிறது என்று குழப்பாமல் நகரும்.

301ஆவது இதழைப் புதியவர்களும் தொடங்கலாம் என்றுதான் விளம்பரம் செய்தார்கள். கதை புரியும். ஆனால் யாருக்கு யார் மீது என்ன கோபம் என்பதன் கனம் பிடிபடாது. அந்த உறவுகள் எல்லாம் எண்பதுகளில் போட்ட அடித்தளத்தில் நிற்பவை. ஹாமாவின் கதைதான் வேண்டும் என்றால், நேராக 1982க்குப் போங்கள். முதல் பத்து இதழ்கள் இன்றைக்குக் கொஞ்சம் பழசாகத் தெரியும். பொறுமையாக 21 வரை வந்துவிட்டால் பிறகு விட மாட்டீர்கள்.

21ஆவது இதழில் அப்படி என்ன இருக்கிறது?

1984இல் வந்த அந்த இதழில் ஒரு வசனம்கூடக் கிடையாது. ஒலிச்சொல்லும் இல்லை. கதை முழுக்கப் படங்களில்தான். ஹாமா எழுதியதோடு பக்க அமைப்பையும் அவரே வரைந்தார், ஸ்டீவ் லெயலோஹா மையிட்டு முடித்தார்.

கோட்டை ஒன்றில் ஸ்கார்லெட் சிறைப்பட்டிருக்கிறாள். மீட்கப் போவது ஸ்னேக் ஐஸ். முகம் சிதைந்து, குரல் போய், கறுப்பு உடைக்குள் வாழும் மனிதன். கோட்டையில் வெள்ளை உடை நிஞ்ஜா ஒருவன் முதல்முறையாக வருகிறான், அவன்தான் ஸ்டார்ம் ஷேடோ. ஸ்கார்லெட் யாரோ வந்து காப்பாற்றட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை, தன் பங்குக்குத் தானே சிறையை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறாள். கடைசியில் நண்பன், எதிரி இருவர் கையிலும் ஒரே பச்சைக்குத்து இருப்பது தெரிகிறது. ஒரு சொல்கூட இல்லாமல் ஒரு பெரிய புதிர் போடப்பட்டுவிட்டது. 26, 27ஆம் இதழ்களில் அதன் முடிச்சு அவிழத் தொடங்குகிறது: வியட்நாமில் ஒன்றாகப் போரிட்டது, அராஷிகாகே நிஞ்ஜா குலம், குருவின் கொலை.

காமிக்ஸ் எப்படிக் கதை சொல்கிறது என்று யாராவது கேட்டால் நான் கையில் கொடுப்பது இந்த இதழைத்தான். அதன் தாக்கம் இன்றும் இருக்கிறது. 2025இல் 'சைலன்ட் மிஷன்ஸ்' என்ற தலைப்பில் வெவ்வேறு பாத்திரங்களுக்கு வசனமற்ற தனி இதழ்களை ஸ்கைபவுண்ட் வெளியிட்டது.

எனர்கான் யுனிவர்ஸ் இதழ்களை எந்த வரிசையில் படிப்பது?

'டியூக்', 'கோப்ரா கமாண்டர்', அப்புறம் 'ஸ்கார்லெட்', 'டெஸ்ட்ரோ'. ஒவ்வொன்றும் 5 இதழ்கள். பிறகு 2024 நவம்பரில் தொடங்கிய 'ஜி.ஐ. ஜோ' தொடர்.

'கோப்ரா கமாண்டர்' 2024 ஜனவரியில் தொடங்கியது. வில்லியம்சன் எழுத, ஆண்ட்ரியா மிலானா வரைந்தார். நான்கில் இதுதான் என் மனதில் நின்றது. வில்லனைக் கதாநாயகனாக வைத்தும் அவன் மீது இரக்கம் வரவழைக்க முயலவில்லை. பூமிக்கடியில் மறைந்த ஒரு நாகரிகத்திலிருந்து வந்தவன், எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் ட்ரெட்னாக்ஸ் என்ற மோட்டார் சைக்கிள் கும்பலிடம் மாட்டுகிறான். பயங்கரமாகவும் இருக்கும், வேகமாகவும் போகும்.

'ஸ்கார்லெட்' கெல்லி தாம்சன் எழுதியது, மார்கோ ஃபெராரி வரைந்தது. 'டெஸ்ட்ரோ' டான் வாட்டர்ஸ் எழுதியது, ஆந்திரே பிரெசான் வரைந்தது, ஆயுத வியாபாரத்தின் கதை. இரண்டையும் எந்த வரிசையில் படித்தாலும் பாதகமில்லை.

டிரான்ஸ்ஃபார்மர்ஸையும் கட்டாயம் படிக்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை. ஜி.ஐ. ஜோ கதைக்குத் தேவையானதை அந்தந்த இதழிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

ஆனால் படியுங்கள். 2023 அக்டோபரில் தொடங்கிய அந்தத் தொடரை எழுதிய டேனியல் வாரன் ஜான்சன், தொடக்க இதழ்களைத் தானே வரைந்தார். அமெரிக்கக் காமிக்ஸின் முக்கிய விருதுகளான ஐஸ்னர் விருதுகளில், 2024இல், சிறந்த தொடர் இதழாக அது தேர்வானது. எழுதி வரையும் கலைஞருக்கான விருதும் அவருக்கே கிடைத்தது. பொம்மையை அடிப்படையாகக் கொண்ட காமிக்ஸை இரண்டாம் தரமாகப் பார்த்தவர்களுக்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

இந்த உலகம் தொடங்கிய விதமும் சுவாரஸ்யமானது. 2023 ஜூனில் ராபர்ட் கிர்க்மன் எழுதி, லொரென்ஸோ டி ஃபெலிசி வரைந்த 'வாய்ட் ரைவல்ஸ்' என்ற விண்வெளிக் கதையின் முதல் இதழ் வந்தது. அதற்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் எழுந்து நிற்பதைப் பார்த்த பிறகுதான், பின்னால் இவ்வளவு பெரிய திட்டம் இருப்பது வாசகர்களுக்குத் தெரிந்தது. முன்னறிவிப்புகள் எல்லாவற்றையும் மூன்று மாதம் முன்பே கொட்டிவிடும் இந்தக் காலத்தில் அப்படி ஒன்றை மறைத்து வைத்தது பெரிய விஷயம்.

இரண்டு வரிசையிலும் கோப்ரா கமாண்டர் வேறு வேறு ஆளாகத் தெரிகிறாரே?

ஆமாம், அடிப்படையே வேறு. எனர்கான் யுனிவர்ஸில் அவர் கோப்ரா-லா என்ற ரகசிய நாகரிகத்திலிருந்து வந்தவர். அந்த யோசனை 1987இல் வந்த அனிமேஷன் படத்திலிருந்து எடுத்தது.

ஹாமாவின் கதையில் அவர் சாதாரண அமெரிக்கர். பழைய கார் விற்றவர். வாழ்க்கையில் அடிபட்டு, அரசாங்கத்தின் மீதும் பெரிய நிறுவனங்களின் மீதும் கோபம் முற்றி, தன்னைப்போல் ஏமாந்தவர்களைத் திரட்டுகிறார். ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற அமைதியான சிற்றூரே கோப்ராவின் கோட்டை. அங்கே பக்கத்து வீட்டுக்காரர், கடைக்காரர், பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் கோப்ரா. கிரிம்சன் கார்ட் என்ற அவர்களின் சிறப்புப் படையில் இருப்பவர்கள் வக்கீல்கள், கணக்கர்கள்.

எனக்கு ஹாமாவின் கமாண்டரைத்தான் பிடிக்கும். பூமிக்கடியிலிருந்து வந்த பாம்பு மனிதனைக் கண்டு பயப்படுவது சுலபம். புன்சிரிப்போடு உறுப்பினர் படிவம் நீட்டும் ஆளைக் கண்டு பயப்பட வைப்பதற்குத் திறமை வேண்டும்.

ஸ்னேக் ஐஸ் இறந்துவிட்டார் என்கிறார்கள், ஆனால் அட்டைகளில் வருகிறாரே? (கதை ரகசியம் உண்டு, வேண்டாதவர்கள் அடுத்த கேள்விக்குப் போகலாம்.)

ஹாமாவின் கதையில் 2015இல், ஐடிடபிள்யூ காலத்தில், பழைய ஸ்னேக் ஐஸ் உயிர்த்தியாகம் செய்கிறார். அதன் பிறகு அந்தக் கறுப்பு முகமூடியை அணிபவர் ஷான் காலின்ஸ். ஸ்னேக் ஐஸோடு வியட்நாமில் பணியாற்றிய வேட் காலின்ஸ் வளர்த்த மகன். மார்வெல் இதழ்களில் சிறுவனாக வந்தவன் வளர்ந்து அந்தப் பெயரை ஏற்கிறான். மாற்று ஆள் என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். ஒரே கதாசிரியர் இத்தனை காலம் எழுதினால்தான் இப்படியொரு திருப்பம் கைகூடும்.

எனர்கான் யுனிவர்ஸில் இந்த வரலாறு எதுவும் இல்லை.

அடுத்த மாதங்களில் என்ன வருகிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

அமெரிக்கப் பதிப்பாளர்கள் ஏறக்குறைய மூன்று மாதங்களுக்கு முன்பே ஒவ்வொரு மாதத்தின் பட்டியலையும் அறிவிப்பார்கள். ஜூனில் வரவேண்டிய இதழ்களின் பட்டியலை மார்ச்சில் பார்க்கலாம். இதழ் எண், கதாசிரியர், ஓவியர், அட்டைகள், பக்க எண்ணிக்கை, விலை, இரண்டு மூன்று வரிக் கதைச் சுருக்கம் எல்லாம் அதில் இருக்கும். புதிய இதழ்கள் கடைக்கு வருவது புதன்கிழமைகளில்.

இடையில் இன்னொரு தேதி உண்டு. கடைக்காரர்கள் தங்கள் ஆர்டரைக் கடைசியாகத் திருத்தும் நாள். பொதுவாக வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்பு வரும். வாசகருக்கு உண்மையில் முக்கியமானது இந்த நாள்தான். காமிக்ஸ் கடைகள் வாங்கும் இதழ்களைப் பெரும்பாலும் திருப்பித் தர முடியாது. விற்காமல் போனால் நஷ்டம் கடைக்காரருக்கு. அதனால் எண்ணி எண்ணித்தான் வரவழைப்பார்கள். அந்த நாளுக்கு முன் உங்கள் கடைக்காரரிடம் சொல்லி வைத்தால் பிரதி உறுதி.

கதைச் சுருக்கங்களை மட்டும் அளவோடு நம்புங்கள், ஹாமாவின் இதழ்களில் இன்னும் கொஞ்சம் குறைவாக. கதையை முன்கூட்டியே திட்டமிடாமல் ஒவ்வொரு பக்கமாக எழுதிக்கொண்டே போவதுதான் தன் முறை என்று அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கதையின் முடிவு அவருக்கே எழுதும்போதுதான் தெரியும் என்றால், மூன்று மாதத்துக்கு முன் எழுதிய இரண்டு வரியை வைத்து யார் சாவார், யார் பிழைப்பார் என்று சண்டை போடுவதில் பயனில்லை.

அறிவித்த தேதியில் வராமல் போவது ஏன்?

ஓவியர் தாமதம், அச்சகத் தாமதம், கப்பல் தாமதம். அதோடு விநியோகமும் சில ஆண்டுகளாக மாறிவருகிறது. பல பத்தாண்டுகள் அமெரிக்கக் காமிக்ஸ் விநியோகத்தைக் கையில் வைத்திருந்த டயமண்ட் நிறுவனம் 2025 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரியது. இமேஜும் அதன் வழியாக ஸ்கைபவுண்டும் தங்கள் மாத இதழ்களை 2023இலேயே லூனார் என்ற விநியோகஸ்தருக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் ஜி.ஐ. ஜோ இதழ்களுக்கு அந்த அதிர்ச்சி நேரடியாக விழவில்லை. கடைகளுக்குத்தான் சிரமம்.

ஒரே இதழுக்கு ஐந்தாறு அட்டைகள் போடுகிறார்களே, எதை வாங்குவது?

உள்ளே கதை ஒன்றுதான். பிடித்த ஓவியரின் அட்டையை வாங்குங்கள். பத்துப் பிரதி வாங்கும் கடைக்கு ஒன்று, இருபத்தைந்து வாங்கினால் ஒன்று என்று கொடுக்கப்படும் அரிய அட்டைகளுக்குக் கடையில் அதிக விலை சொல்வார்கள். பின்னால் விலை ஏறும் என்று எண்ணி அவற்றில் பணத்தைப் போடாதீர்கள். அதே தொகையில் ஒரு முழுத் தொகுப்பு வாங்கிப் படிக்கலாம்.

தனித்தனி இதழா, தொகுப்பா?

இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்து வாங்குபவர்களுக்கு என் பதில்: தொகுப்பு. ஒரு இதழ் அமெரிக்காவில் 4 டாலர் அளவில் விற்கிறது, இருபது பக்கச் சொச்சம் கதை. அஞ்சல் செலவு சேர்ந்தால் கட்டுப்படியாகாது. 'டியூக்', 'கோப்ரா கமாண்டர்' போன்றவை 5 இதழ்களும் சேர்ந்து ஒரே புத்தகமாகக் கிடைக்கின்றன. கடைசி இதழ் வந்த சில மாதங்களில் தொகுப்பு வந்துவிடும்.

உடனே படித்தாக வேண்டும் என்றால் டிஜிட்டல். டிஜிட்டல் காமிக்ஸ் விற்ற காமிக்ஸாலஜி செயலி 2023 டிசம்பரில் மூடப்பட்டு கிண்டிலோடு இணைந்துவிட்டது. கைப்பேசியின் சின்னத் திரையில் படிக்க வேண்டாம். குறிப்பாக வசனமற்ற இதழ்களை முழுப் பக்கமாகப் பார்க்கும் அளவுக்குத் திரை இருக்க வேண்டும்.

மார்வெல் காலத்துப் பழைய இதழ்கள் இப்போது கிடைக்குமா?

ஐடிடபிள்யூ அவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டிருந்தது. உரிமை கைமாறியதால் அந்தப் பதிப்புகள் கிடைத்தால் உண்டு. ஸ்கைபவுண்ட் 2024இல் கிக்ஸ்டார்ட்டர் மூலம் பணம் திரட்டி, பழைய இதழ்களைத் தடித்த காம்பென்டியம் தொகுதிகளாகக் கொண்டுவரும் வேலையில் இறங்கியது. புதிதாக வாங்குபவர்கள் அவற்றைத் தேடுங்கள்.

ஐடிடபிள்யூ காலத்தில் வந்த இன்னொன்றையும் தவறவிடாதீர்கள். மைக் கோஸ்டாவும் கிறிஸ்டோஸ் கேஜும் எழுதி, அன்டோனியோ ஃபூசோ வரைந்த 'கோப்ரா'. எதிரிப் படைக்குள் ஒற்றனாக நுழையும் ஒரு வீரன் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னை இழக்கும் கதை. மற்ற இதழ்களின் தொடர்பு இல்லாமலே படிக்கலாம்.

இது அமெரிக்க ராணுவத்துக்கான பிரசாரம் இல்லையா?

நியாயமான கேள்வி. தலைப்பிலேயே 'உண்மையான அமெரிக்க வீரன்' என்று இருக்கிறது. பொம்மை, தொலைக்காட்சித் தொடர், விளம்பரம் மூன்றும் சேர்ந்து ரேகன் காலத்துத் தேசப்பெருமையை விற்றன என்பதை மறுக்க முடியாது. இந்தக் காமிக்ஸுக்கே தொலைக்காட்சியில் அனிமேஷன் விளம்பரம் செய்தார்கள். பொம்மை விளம்பரத்தில் அனிமேஷன் காட்டக் கட்டுப்பாடு இருந்தது, புத்தக விளம்பரத்துக்கு அது பொருந்தவில்லை. அந்த வழியாகப் பொம்மையும் விற்றது.

ஆனால் ஹாமா எழுதியதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். பனிப்போர் உச்சத்தில் இருந்த 1982இலேயே, 6ஆவது இதழில், அக்டோபர் கார்ட் என்ற சோவியத் படையை அறிமுகப்படுத்தினார். அரக்கர்களாக இல்லை, ஜோ வீரர்களைப் போலவே தங்கள் வேலையைச் செய்யும் சிப்பாய்களாக. இரு தரப்பும் மேலிடத்துக்குத் தெரியாமல் ஒருவரை ஒருவர் மதிக்கும் இடங்கள் உண்டு. போர்கள் நடக்கும் சியரா கோர்டோ, பொரோவியா, ட்ரூஷியல் அபிஸ்மியா போன்ற கற்பனை நாடுகளில் அமெரிக்க அரசின் முடிவுகள் எல்லாம் நல்லவையாக இருப்பதில்லை. 109ஆவது இதழில் சிறைபிடிக்கப்பட்ட வீரர்கள் பலர் ஒரே அடியில் கொல்லப்படுகிறார்கள். அனிமேஷன் தொடரில் விமானம் வெடித்தால் விமானி பாராசூட்டில் தப்பிப்பார். காமிக்ஸில் செத்தவர் செத்தவர்தான். போர் என்றால் விலை கொடுக்க வேண்டும் என்று பொம்மை வாங்கும் வயதுப் பிள்ளைகளிடம் அவர் நேர்மையாகச் சொன்னார்.

குழந்தைகளுக்கு வாங்கித் தரலாமா?

மார்வெல் கால இதழ்களைப் பத்துப் பன்னிரண்டு வயதில் படிக்கலாம். சாவு உண்டு, ரத்தம் குறைவு. எனர்கான் யுனிவர்ஸ் இதழ்களில் வன்முறை வெளிப்படையாகவே வரைந்திருக்கிறது, அதிலும் 'கோப்ரா கமாண்டர்' கொடூரமானது. பதிமூன்று பதினாலு வயதுக்கு மேல் சரி. நீங்கள் முதலில் படித்துப் பாருங்கள்.

திரைப்படங்களுக்கும் இந்த இதழ்களுக்கும் தொடர்பு உண்டா?

கிடையாது. 2009, 2013, 2021இல் வந்த படங்கள் தனிக் கதைகள்.

ஃபன்ஸ்கூல் ஜி.ஐ. ஜோ பொம்மைகளை வைத்து விளையாடியிருக்கிறேன். அந்தப் பாத்திரங்கள் காமிக்ஸிலும் வருவார்களா?

வருவார்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபன்ஸ்கூல், எம்.ஆர்.எஃப். நிறுவனத்தோடு சேர்ந்து ஹாஸ்ப்ரோ தொடங்கியது. ஹாஸ்ப்ரோவின் அச்சுகளை வைத்தே இங்கே பொம்மைகளைத் தயாரித்தார்கள். அச்சு அதுவே என்றாலும் நிறங்கள் பல சமயம் அமெரிக்கப் பதிப்பிலிருந்து மாறியிருக்கும். அதனாலேயே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இந்தியப் பதிப்புகளைத் தேடி வாங்குகிறார்கள். உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள், அட்டை கிழியாமல் இருந்தால் இன்னும் நல்லது.

காமிக்ஸில் அந்த நிறங்களை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் அட்டையில் படித்த பெயர்கள் எல்லாம் பக்கத்துக்குப் பக்கம் வரும். ரோட்பிளாக் உண்மையில் ஒரு சமையல் கலைஞர், ஸ்டாக்கர் யாருடைய பழைய தோழர், பரோனஸ் எப்படி கோப்ராவில் சேர்ந்தாள் என்பதெல்லாம் அங்கே விரிவாக இருக்கிறது. பரோனஸ் பொம்மையாக வந்தது 1984இல்தான். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, காமிக்ஸின் முதல் இதழிலேயே அவள் வந்துவிட்டாள்.